மகன் பாதியில் விட்ட படம்

என் மகன் காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். மட்டாஞ்சேரியிலிருந்து அங்கே போக ஒரு பஸ், இறங்கி மாறினால் இன்னொரு பஸ். தூரம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனாலும் போகவர நேரம் வீணாகிறது என்று அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டான். அவன் அம்மா இருந்தவரை சனிக்கிழமையானால் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து நிற்பான். அவள் போன பிறகு அது மாதத்துக்கு ஒருமுறை ஆயிற்று. அப்புறம் ஓணம், தீபாவளி, அவள் திதி என்று ஆயிற்று. எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. பேச்சுதான் கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் அவளிடம்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். அவள் நடுவில் இருந்ததால் ஒருவரோடு ஒருவர் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

தினமும் போனில் கூப்பிடுவான். அதில் குறை சொல்ல முடியாது. சாப்பிட்டாச்சா என்பான். ஆச்சு, நீ என்பேன். "ஆ, சாப்டேன்" என்பான். அங்கே மழையா என்று கேட்பேன். மழைதான் என்பான். இங்கேயும் அதே மழைதான் பெய்துகொண்டிருக்கும். போனை வைத்த பிறகு கேட்க வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரும். திரும்பக் கூப்பிட்டால் என்னமோ ஏதோ என்று பதறுவானே என்று விட்டுவிடுவேன்.

நான் கொச்சங்காடியில் ஒரு சுக்கு, மிளகு குடோனில் மூட்டை ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்க்கும் வேலையில் இருந்தவன். முட்டி ஒத்துழைக்கவில்லை, நின்றுவிட்டேன். காலையில் குளித்து, விளக்கேற்றி, எங்கள் தெரு மாரியம்மனைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு சாதமும் ஒரு குழம்பும் வைத்து இறக்கினால் அன்றைய வேலை முடிந்தது. பிறகு சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம்வரை கையில் ஒன்றும் இருக்காது. இதைக் கவனித்துத்தானோ என்னவோ, போன ஓணத்துக்கு வந்தபோது தன்னுடைய பழைய டேப்லெட்டை, டேப் என்பான் அதை, கொண்டுவந்து கொடுத்தான். என் அக்கவுண்ட்தான் அதில் கிடக்கிறது அப்பா, நீங்கள் பக்திப் பாட்டு, பிரசங்கம் எது வேண்டுமானாலும் பாருங்கள் என்று எங்கே தொட வேண்டும், எங்கே தள்ள வேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிட்டுப் போனான்.

வீடியோ போடுகிற அந்த இடத்தைத் திறந்தால் மேலே ஒரு வரிசை வரும். பார்த்து முடித்தவை, பாதியில் விட்டவை எல்லாம். ஒவ்வொரு படத்துக்கும் அடியில் ஒரு சிவப்புக் கோடு, எதுவரை பார்த்தோம் என்று காட்டுவதற்கு. என்னுடைய திருப்புகழ் பிரசங்கத்துக்கு நடுவே நான் பார்க்காத ஏதேதோ இருக்கும். கம்பெனிக்காரன் எல்லோருக்கும் போடுகிறான் என்று நினைத்து முதலில் தள்ளிவிட்டேன். ஒருநாள் அதில் அயலை மீன் குழம்பு வைப்பது எப்படி என்று ஒன்று இருந்தது. அன்று சாயங்காலம் போனில், மீன் வாங்கி நானே வைத்தேன்பா, உப்பு கூடிப்போச்சு என்றான். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று, அவன் தன் போனில் பார்ப்பதெல்லாம் இந்த டேப்பிலும் வந்து விழுகிறது என்று. அந்த வரிசையில் இருப்பது என் பையன்.

அதற்குப் பிறகு விளக்கேற்றி முடித்ததும் முதல் வேலை அதைத் திறந்து பார்ப்பது என்றாகிவிட்டது. பைக் செயினில் சத்தம் வந்தால் என்ன செய்வது என்று ஒன்று. சரி, வண்டி மக்கர் செய்கிறது. நெஞ்செரிச்சலுக்குக் கை வைத்தியம் என்று ஒன்று. சரி, ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு சரியாயிற்றா என்று போனில் கேட்டபோது திகைத்துப்போய், எப்படித் தெரியும் என்றான். அப்பனுக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கெல்லாம் மனசு நிறைந்து இருந்தது.

அந்த வரிசையில்தான் அந்தப் படம் வந்தது. இங்கிலீஷ் படம், பழசு. காட்டுக்குள் ஒரு மரவீடு, அதன் ஜன்னலில் ஒரு வெளிறிய முகம். பேய்ப் படம் என்று பார்த்தவுடன் தெரியும். கோடு பாதிவழியில் நின்றிருந்தது. மறுநாள் பார்த்தால் கோடு பின்னால் போயிருக்கிறது. அதற்கு மறுநாள் கொஞ்சம் முன்னால். முதலிலிருந்து திரும்பத் திரும்பப் பார்க்கிறான், ஆனால் ஒருநாளும் முடிக்கவில்லை. மற்றதெல்லாம் வந்து வந்து போயின. இது மட்டும் போகவே இல்லை. தனியாக இருக்கிற பிள்ளை, அம்மாவை இழந்த பிள்ளை, இதை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறான்? எனக்கு வேறு மாதிரியெல்லாம் நினைப்பு ஓடிற்று. செவ்வாய்க்கிழமை அம்மனுக்கு அவன் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தேன். பூசாரி என்ன விசேஷம் என்று கேட்டார். ஒரு படம் என்று எப்படிச் சொல்வது? ஜலதோஷம் என்றேன்.

அப்புறம் யோசித்தேன். பையன் பார்க்கிறதை நானும் பார்த்தால்தானே அதில் என்ன இருக்கிறது என்று தெரியும்? மத்தியானச் சாப்பாடு முடிந்து நல்ல வெயில் நேரமாகப் பார்த்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாலைந்து சின்ன வயசுக்காரர்கள், ஆணும் பெண்ணுமாக, லொடலொடக்கும் ஒரு காரில் போகிறார்கள். ஒருத்தனுடைய பெரியப்பா செத்துப்போய்ப் பூட்டிக்கிடக்கிற மரவீடு. இருட்டுகிற நேரம் பார்த்துப் பூட்டை உடைத்து உள்ளே நுழைகிறார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே காட்டுக்குள்ளிருந்து, கூட வந்தவனுடைய குரலிலேயே ஒன்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. ஒரு பெண் என்னவென்று கேட்டுக்கொண்டே போகிறாள். அதோடு சரி. மொழி எனக்கு அரைகுறைதான், அலறலுக்கு மொழி எதற்கு?

ஏழைப்பட்ட படம். ஓடுகிறார்கள், ஓடுகிறார்கள், அதே வளைந்த மரம் திரும்பத் திரும்ப வருகிறது. ரத்தம் குங்குமத்தைக் கரைத்து ஊற்றினது மாதிரி இருந்தது. பேயின் கழுத்தோரம் துணித் தையல் தெரிந்தது. இவ்வளவும் தெரிந்தும் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. ஒரு இடத்தில் அந்தப் பெண் கத்திய கத்தலில் கீழ்வீட்டுச் சேச்சி மேலே வந்து கதவைத் தட்டிவிட்டார். யாரோ அழுகிறார்கள் என்று நினைத்து ஓடிவந்திருக்கிறார். டேப்பையும் என் நெற்றியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இத்தரையும் பஸ்மம் பூசிட்டு பிரேதப் படமோ அண்ணா?"

இவ்வளவு விபூதியைப் பூசிக்கொண்டு பேய்ப் படமா என்று சிரித்தார். பையன் பார்க்கிற படம் என்று சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. சாயா போடட்டுமா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

படம் முடிந்தபோது திரையை விரலால் தள்ளிக் கீழே போனேன். அங்கே பார்த்தவர்களின் அபிப்பிராயங்கள் கிடந்தன. எத்தனை பேர்! எனக்குத் தெரியாத எழுத்துகளில்கூட இருந்தன. மலையாளத்தில் எழுதியவர்களும் நிறைய. பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவன் நான், அதனால் அவற்றை விடாமல் படித்தேன். ரத்தமா சர்பத்தா, பார்த்தால் தாகம் எடுக்கிறது என்று ஒருத்தர் எழுதியிருந்தார். அவருக்குப் பதிலாக இன்னொருத்தர் காரசாரமாக எழுதியிருந்தார். இதை எடுத்தவர்களுக்கு அப்போது மீசைகூட முளைத்திருக்காது, கேமராவை இரவல் வாங்கி, கூட்டாளிகளையே நடிக்க வைத்து, குளிரில் கிடந்து எடுத்தார்கள், இன்றைக்குக் கோடிகளைக் கொட்டி எடுக்கிற படத்தில் இந்த உயிர் உண்டா என்று. வெளிநாட்டில் இருக்கும் ஒரு நர்ஸ் பெண், டியூட்டி முடிந்து வந்து இதைப் பார்ப்பேன், டியூட்டியில் பார்ப்பதைவிட இதில் பயம் குறைவு என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தர் சின்ன வயசில் வாடகைக் கேசட்டில் அண்ணனோடு ஒரே போர்வைக்குள் பதுங்கிப் பார்த்தாராம். அண்ணன் இப்போது இல்லை, படம் அப்படியே இருக்கிறது என்று முடித்திருந்தார். இதைப் படித்தபோது படத்தில் வராத கலக்கம் எனக்கு வந்தது.

படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. கும்பலாகப் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தோம் என்கிறார்கள். தனியாகப் பார்த்தவர்கள்தான் பயந்தோம் என்கிறார்கள். என் பையன் தனியாகத்தான் பார்க்கிறான்.

எனக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. யாரும் அதைச் சொல்லவே இல்லை. அதனால் மைக் பொத்தானை அழுத்தி, மலையாளத்தில் நிதானமாகப் பேசினேன், எழுத்தாக விழுந்தது. பிள்ளைகளே, நான் மட்டாஞ்சேரியில் இருக்கும் ஒரு குடும்பஸ்தன். படம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாவு நடந்து வருஷக்கணக்காகப் பூட்டிக்கிடந்த வீட்டுக்குள் அந்தி நேரத்தில் நுழைகிறார்கள். ஒரு விளக்கு ஏற்றவில்லை. பால் காய்ச்சவில்லை. வாசலில் ஒரு கை தண்ணீர் தெளிக்கவில்லை. பெட்டியை நடுக்கூடத்தில் போட்டுவிட்டு நேரே பாட்டிலைத் திறக்கிறார்கள். வெளியிலிருந்து கூப்பிடும் முதல் குரலுக்கே பதில் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்தில் மூன்று தடவை கூப்பிட்டால்தான் யார் என்று கேட்போம். பேய் தப்பு செய்யவில்லை, குடிபோனவர்கள்தான் முறை தெரியாமல் போனார்கள். எல்லோரும் நன்றாக இருங்கள். இப்படிப் பேசி அனுப்பினேன்.

மறுநாள் திறந்தால் பதிலுக்கு மேல் பதில். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள். இவ்வளவு காலம் கழித்துப் படத்துக்குச் சரியான விளக்கம் கிடைத்தது என்று ஒருத்தர். குருவே சரணம் என்று ஒருத்தர். கேலி என்று தெரிந்தது, ஆனால் வலிக்கவில்லை. கேலி செய்யவாவது வந்தார்களே. எல்லோருக்கும் பதில் சொன்னேன். வளைகுடாவில் இருக்கிற ஒரு பையன், நேற்றுத்தான் புது ரூமுக்கு வந்தேன், பால் காய்ச்சவில்லை, உங்களால் இப்போது பயமாக இருக்கிறது என்று எழுதினான். அடுப்பு இல்லாவிட்டால் பரவாயில்லை மோனே, ஒரு தீக்குச்சியாவது கொளுத்தி உனக்குப் பிடித்த சாமியை நினைத்துக்கொள், உன் அம்மாவுக்கு ஒரு போன் போடு, அதுவே போதும் என்று எழுதினேன். போட்டேன் என்று மறுநாள் பதில் வந்தது. அந்த வாரங்களில் மத்தியானம் எனக்கு நீளமாகத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் என் மகன் வந்தான். பண்டிகை இல்லை, திதி இல்லை. மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. கப்பைக் கிழங்கை வேகவைத்து, மிளகாய் உடைத்துத் தாளித்து, சாயா போட்டேன். ஒழுங்காகச் சாப்பிட்டான். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான்.

"அப்பா, அந்தப் படத்துக்கு அடியில நீங்க எழுதினீங்களா?"

எந்தப் படம் என்றேன், தெரியாத மாதிரி.

"பால் காய்ச்சாமக் குடிபோன படம்."

சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபீஸில் எல்லோரும் இப்போது அவனைக் குருக்களே என்றுதான் கூப்பிடுகிறார்களாம். புது மீட்டிங் ரூம் திறந்த அன்றைக்கு, யாரும் நுழையாதீங்க, குருக்கள் விளக்கு வைக்கட்டும் என்று வாசலில் எல்லோரையும் நிறுத்திவிட்டார்களாம். எனக்குப் புரியவில்லை. நான் எழுதினதற்கு இவனை ஏன் கேலி செய்ய வேண்டும்? டேப்பைத் திறந்து காட்டினான். நான் எழுதிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் அவன் முகம், பக்கத்தில் அவன் பெயர். அந்த முகத்தை நான் தினமும் பார்த்திருக்கிறேன். டேப் அவனுடையது, அதனால் அவன் படம் ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். இத்தனை நாளும் ஊர் உலகத்துக்கு ஆசீர்வாதம் சொன்னது இருபத்தெட்டு வயசுப் பையனின் முகத்தோடு.

எனக்கு உடம்பு கூசிற்று. அவன் கோபப்படவில்லை. பரவாயில்லை என்றான், நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்றான். உங்களுக்கென்று தனியாக ஓர் அக்கவுண்ட் போட்டுத் தருகிறேன், உங்கள் பெயர், உங்கள் போட்டோ, இஷ்டம்போல எழுதுங்கள் என்று சொல்லிக்கொண்டே எதையெதையோ அழுத்த ஆரம்பித்தான்.

நியாயமான பேச்சு. பெற்ற பிள்ளை இதைவிட மரியாதையாக எப்படிச் சொல்வான்? ஆனால் தனியாக ஒன்று போட்டால் அந்த வரிசையில் என் பிரசங்கம் மட்டும்தான் இருக்கும். மீன் குழம்பு இருக்காது. பைக் செயின் இருக்காது. நாளைக்குக் காலையில் விளக்கேற்றிவிட்டு எதைப் பார்ப்பேன்? வேண்டாம், இனிமேல் எழுதமாட்டேன், இப்படியே இருக்கட்டும் என்றேன். எழுதுவதை யார் வேண்டாமென்று சொன்னது, ஒரு நிமிஷ வேலை, முதலில் இதிலிருந்து என்னை வெளியே எடுத்துவிடுகிறேன் என்றான்.

"நீ அதுலேந்து போவாண்டாம்."

என் குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது. விரலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். இனி மறைக்க வழியில்லை.

"நீ மீன் வாங்கினது, வண்டி நின்னது, வயிறு கெட்டது எல்லாம் எனக்கு அதுலதான் தெரியும். போன்ல நீ ஒண்ணும் சொல்றதில்லியே."

கீழே தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனார்கள். எல்லாவற்றையும் பார்ப்பீர்களா என்று அவன் கேட்டான். தினமும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான். ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று என்று, இவ்வளவு நாள் மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். அந்த மரவீட்டுப் படத்தில் அப்படி என்னடா இருக்கிறது, திரும்பத் திரும்பப் பார்க்க?

"பாக்கறதில்லப்பா. ஓட விட்டுட்டுப் படுப்பேன், கண்ணு சொக்கினதும் அணைச்சிட்டுத் தூங்கிடுவேன். ரூம்ல ஆள் சத்தம் இல்லேன்னா தூக்கம் வராது. இது மனப்பாடம். அடுத்து யாரு கத்துவான்னு தெரியும், அதனால பயமில்ல."

அப்படியானால் கோடு நிற்கிற இடம் அவன் தூங்கிப்போகும் இடம் இல்லையா? நான் அர்ச்சனை செய்தது எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். இங்கே வந்து தூங்கலாமே, வேலைக்கு இங்கிருந்தே போய்வரலாமே என்று கேட்டேன்.

"இங்கயும் சத்தம் இல்லியேப்பா."

குத்திக்காட்டவேண்டும் என்று அவன் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். அவன் அம்மா இருந்தபோது அடுக்களையில் பாத்திரத்தோடுகூடப் பேசுவாள். அது ஓய்ந்ததை நானும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டேப்பை மூடி என் பக்கம் நகர்த்தினான். ஒன்றையும் மாற்றவில்லை. சாயா கிளாஸைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, விளக்கு வைக்கும் முன்னாலேயே கிளம்பினான்.

மறுநாள் முதல் அந்த வரிசை மாறிற்று. பழனிப் பாதயாத்திரை வந்தது. வயதானவர்கள் முட்டிவலிக்குச் செய்யவேண்டிய பயிற்சி வந்தது. குடும்பத்தோடு பார்க்கிற பழைய சிரிப்புப் படம் வந்தது. எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு ஒழுங்காகக் கடைசிவரை போயிருந்தது. மரவீட்டுப் படம் கீழே கீழே போய், ஒருநாள் காணாமலே போய்விட்டது. முதலில் சந்தோஷப்பட்டேன், பிள்ளைக்கு நல்ல வழி தோன்றியிருக்கிறது என்று. அப்புறம், கந்தபுராணப் பிரசங்கம் ஒன்று, அவன் ஆபீஸில் இருக்கிற பகல் வேளையில் முழுசாக ஓடி முடிந்திருந்ததைக் கண்டேன். சின்ன வயசில் கோயில் கதாகாலட்சேபத்தில் அரை நாழி உட்காரமாட்டான். தனக்கென்று வேறே அக்கவுண்ட் எங்கேயோ வைத்துக்கொண்டிருப்பான். இதில் எனக்காக ஓட விடுகிறான். போனில் "ஆ, சாப்டேன்" என்று சொல்கிற அதே குரல்தான், இப்போது இங்கேயும்.

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. வேலைக்கு நடுவே அப்பனை நினைத்து ஒன்றைத் தேடி எடுத்து ஓட விடுகிறானே, அதற்கும் ஒரு மனசு வேண்டாமா? அவன் போட்டதையெல்லாம் நான் விடாமல் பார்க்கிறேன். முட்டிப் பயிற்சியையும் செய்கிறேன், கொஞ்சம் குணம் தெரிகிறது. மரவீட்டுப் படத்தை நானே தேடிப் போய்ப் பார்த்தேன். என் அபிப்பிராயத்தை அவன் அழிக்கவில்லை. அங்கிளே, எங்கே போனீங்க என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். பதில் சொன்னால் அவன் முகத்தோடு போகும். சொல்லவில்லை.

முன்பெல்லாம் விளக்கின் முன்னால் நின்றால் அவனுக்காகக் கேட்க நிறைய இருக்கும், வண்டி, வயிறு, உத்தியோகம் என்று. இப்போது அவனுக்குத் தூக்கம் கொடு தாயே என்று மட்டும் கேட்கிறேன். கொடுத்தாளா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை.